சர்வர் உங்கள் அறையில் இருக்கட்டும்: விடுதிகளில் கேம் ஆடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

பொறியியல் கல்லூரி விடுதிகளிலும் பாலிடெக்னிக் விடுதிகளிலும் ஊர்வீட்டு மாடியறைகளிலும் நாலு பேர் சேர்ந்தால் கேம் போட்டுவிடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கணினிகளைக் கம்பி போட்டு இணைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதனால் உங்களில் பலர் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கோம். அப்பவும் லேக் அடிக்குது. 300-க்கு மாறிடலாமா?"

மாறாதீர்கள். காசு போகும், லேக் போகாது. அதற்குப் பதிலாக ஒரு வேலை சொல்கிறேன். வரும் விடுமுறைக்குள் ஒரு கேமை, எந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பாமல், உங்களிடம் சும்மா கிடக்கும் ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றி, நீங்களே முனை அடித்த கேபிளில் ஓட்டிப் பாருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன், எப்படிச் செய்வது என்பதுதான் இந்த மடல்.

முதலில் அந்த 300 எம்பிபிஎஸ் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதன் அளவு. படம் இறக்க அது வேண்டும். துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்று ஆடும்போது உங்கள் கணினி அனுப்புவது "முன்னால் நகர்ந்தேன், இடப்பக்கம் திரும்பினேன், சுட்டேன்" என்ற சின்னச் சின்னச் செய்திகள்தான். அதற்கு 1 எம்பிபிஎஸ்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே கணக்கு, செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பதே. இழைக் கேபிளுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16 என்று 32 மில்லிநொடி ஒளிக்கே ஆகிவிடும். எந்த பிளானை வாங்கினாலும் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. சாலை வழியில் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பை சர்வர் என்றால் 13. உங்கள் அறையிலேயே இருக்கும் சர்வர் என்றால் 1 மில்லிநொடிக்கும் கீழ்.

இந்தத் தாமதத்தை விளையாட்டு எழுதியவர்கள் எப்படி மறைத்தார்கள் என்பது, கேமில் உங்களுக்கு இருக்கும் ஆசையை அப்படியே நெட்வொர்க்கிங் பாடத்தின் பக்கம் திருப்பிவிடும் கதை. 1996 ஜூனில் 'குவேக்' வந்தபோது அது கல்லூரியின் உள் நெட்வொர்க்கான லேனில் பறந்தது. டயல்-அப் மோடத்தில் ஆடியவர்களுக்கோ நரகம். காரணம், பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி சர்வர்வரை போய்த் திரும்பிய பிறகுதான் உங்கள் ஆள் நகருவான். அதே ஆண்டு டிசம்பரில் ஜான் கார்மாக்கின் குழு 'குவேக்வேர்ல்டு' என்ற பதிப்பை வெளியிட்டது. அதில் உங்கள் கணினி சர்வரின் பதிலுக்குக் காத்திராது. "நான் முன்னால் போயிருப்பேன்" என்று தானே ஊகித்து உடனே நகர்த்திவிடும். பிறகு சர்வர் வேறு மாதிரி சொன்னால் திருத்திக்கொள்ளும். இன்று நீங்கள் ஆடும் ஏறக்குறைய எல்லாச் சண்டை கேம்களும் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கின்றன. லேக் வந்தால் உங்கள் ஆள் 'ரப்பர்' போல் பின்னால் இழுக்கப்படுகிறானே, அந்த ஊகம் திருத்தப்படும் கணம் அது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் ஒளிந்தாகிவிட்டது, அதற்கப்புறமும் சாகிறோம். உடனே "ஹேக் போட்டுட்டான்" என்று கத்துகிறோம். பெரும்பாலும் ஹேக் கிடையாது. எதிரி சுட்ட செய்தி சர்வருக்கு வந்து சேர்ந்ததும், எதிரியின் திரையில் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே தெரிந்தீர்கள் என்று சர்வர் சில மில்லிநொடிகள் பின்னே போய்ப் பார்க்கிறது. அவன் குறி சரியாக இருந்தால் குண்டு பட்டதாகத் தீர்ப்பு. உங்கள் திரையில் நீங்கள் அதற்குள் சுவருக்குப் பின்னே போயிருப்பீர்கள். 'ஹாஃப்-லைஃப்' உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் இந்த முறையை ஒரு கட்டுரையில் விளக்கி எழுதினார். 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' ஆடுகிறவர்கள் அதை ஒரு முறையாவது படிக்க வேண்டும். சுட்டவனுக்கும் ஒளிந்தவனுக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய முடியாது, யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும் என்று அதில் புரியும். புரிந்த பிறகு பாதிச் சண்டை குறையும்.

அதே 2001-இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' குழுவினர் இருவர் எழுதிய கட்டுரை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 28.8 கேபிபிஎஸ் மோடத்தில், 8 பேர் ஆடும் கேமில், ஆயிரக்கணக்கான வீரர்களை எப்படி நகர்த்தினார்கள் என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு வில்லாளியும் எங்கே நிற்கிறான் என்பதை அவர்கள் அனுப்பவே இல்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே ஆட்டம் தனித்தனியே ஓடும். "இவர்களை அங்கே அனுப்பு" என்ற ஆட்டக்காரரின் கட்டளை மட்டும் கம்பியில் போகும். கட்டளை கொடுத்த கணத்திலேயே அது நடக்காது, இரண்டு சுற்று கழித்து எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக நடக்கும். ஆடிப் பார்க்கச் சொன்னபோது அவர்கள் கண்டது இது: தாமதம் எப்போதும் அரை நொடி என்று சீராக இருந்தால் ஆட்டக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். ஒரு கணம் 80, மறுகணம் 500 என்று தாவியபோதுதான் எரிச்சல்பட்டார்கள்.

உங்கள் விடுதி நெட்டின் பிரச்சினையும் அந்தத் தாவல்தான். செய்தி போய்த் திரும்பும் நேரமான பிங்கின் சராசரி எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கமாண்ட் பிராம்ட்டை இரண்டு ஜன்னல்களில் திறங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் ஓடட்டும். இன்னொன்றில் வெளியே 8.8.8.8-க்கு ஓடட்டும். இரண்டையும் நிறுத்தாமல் ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை மேகக் கிடங்குக்கு ஏற்றச் சொல்லுங்கள். ரவுட்டருக்கான பிங்கே 2, 40, 3, 120 என்று குதித்தால் கோளாறு உங்கள் வைஃபையில். ரவுட்டர் பிங் அசையாமல் நிற்க, வெளியே போகும் பிங் மட்டும் 20-இலிருந்து 400-க்கு ஏறினால் கோளாறு வரிசையில்.

வரிசை என்று நான் சொல்வது ரவுட்டருக்குள்ளும் மோடத்துக்குள்ளும் இருக்கும் நினைவகத்தை. அனுப்ப வேண்டியது அதிகமாகிவிட்டால் அவை பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகளைத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்துக்கொள்ளும். அடுக்கில் 1 மெகாபைட் சேர்ந்துவிட்டது, உங்கள் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிற்கும் பாக்கெட் வெளியே போக 0.8 நொடி ஆகும். அந்தக் கடைசிப் பாக்கெட் நீங்கள் சுட்ட குண்டாக இருக்கலாம். சுங்கச்சாவடியில் 40 லாரிக்குப் பின்னால் ஒரு டிவிஎஸ் 50 நிற்கிற மாதிரிதான். ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து 2010 வாக்கில் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-இல் 'கோடல்' என்ற தீர்வை வெளியிட்டார்கள். ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்த்து, நேரம் அதிகமானால் கைவிடும் முறை அது. டேவ் டாட் உள்ளிட்ட தன்னார்வலர்கள் அதை வளர்த்து 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற இலவச ரவுட்டர் மென்பொருளில் சேர்த்தார்கள். டாட் 2025 ஏப்ரலில் காலமானார். உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் கேமும் வீடியோ அழைப்பும் தடங்கலில்லாமல் ஓட உழைத்த அந்த மனிதரின் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஓபன்டபிள்யூஆர்டி ஏறும் ரவுட்டர் ஒன்று கிடைத்தால் அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதியைப் போட்டு, 'கேக்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தை உங்கள் இணைப்பு உண்மையில் தருவதில் 90 சதவீதமாகக் குறைத்து எழுதுங்கள். குறைத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் கையில் இருக்கும் ரவுட்டரில் சேரும், அங்கே அதை ஒழுங்குபடுத்த முடியும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து பிங்கை வாங்குகிறீர்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் பெரும்பாலும் இதையெல்லாம் ஏற்ற முடியாது, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை வைக்க வேண்டும். மலிவான பழைய ரவுட்டர் என்றால் 200, 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் அதன் பிராசசர் திணறும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதெல்லாம் இப்போதைக்கு முடியாது என்றால், போன்களின் தானியங்கி பேக்கப்பை இரவு 2 மணிக்குத் தள்ளிப்போட்டாலே பாதி லேக் போய்விடும்.

இனி கம்பிக்கு வருகிறேன். வைஃபை என்பது அறையில் உள்ள எல்லோரும் ஒரே காற்றைப் பங்கு போடுவது. பெரும்பாலும் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். விடுதியில் ஒரு மாடிக்கு நூறு போன் என்றால் கேட்கவே வேண்டாம். கேம் ஆடும் கணினிக்குக் கேபிள்தான்.

அந்தக் கேபிளை நீங்களே செய்யுங்கள். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் கேட்-5இ கேபிள், ஆர்ஜே45 முனை, கிரிம்பிங் டூல், டெஸ்டர் எல்லாம் வாங்கிவிடலாம். மற்ற ஊர்களில் சிசிடிவி பொருத்துகிற கடைகளில் கேளுங்கள். கேபிளின் மேலுறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 'சிசிஏ' என்று அச்சிட்டிருந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, வளைத்தால் உள்ளே ஒடியும். முழுச் செம்பு கேளுங்கள். உறையை ஒரு அங்குலம் உரித்தால் உள்ளே நாலு ஜோடி முறுக்கு. பிரித்து நேராக்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று இடமிருந்து வலமாக அடுக்குங்கள். முனையின் கிளிப் கீழே, பித்தளைப் பற்கள் உங்களைப் பார்த்தபடி மேலே இருக்கட்டும். எட்டையும் ஒரே நீளத்துக்கு நறுக்கி, முறுக்கு பிரிந்த பகுதி அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், கடைசிவரை தள்ளி, மேலுறையும் முனைக்குள் கொஞ்சம் போகிற மாதிரி வைத்து அழுத்துங்கள்.

பச்சை ஜோடி நீலத்துக்கு இரு பக்கமும் பிரிந்து, 3-லும் 6-லும் நிற்பது ஏன் என்று ஒரு கெட்டிக்காரத் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. ஜோடி ஜோடியாக அழகாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுக்கினால் என்ன ஆகும்? டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். கேபிள் சரி என்றே தோன்றும். மாட்டினால் ஜிகாபிட் வராது, அல்லது வந்து வந்து அறுந்துபோகும். ஈதர்நெட் 3-ஐயும் 6-ஐயும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அழிக்கும். வெவ்வேறு முறுக்கிலிருந்து ஒவ்வொரு கம்பியை எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. மலிவு டெஸ்டர் கம்பி தொடுகிறதா என்று மட்டும் பார்க்கும், முறுக்கைப் பார்க்காது. இன்னொரு அடையாளமும் உண்டு. புதுக் கேபிள் 1000-க்குப் பதிலாக 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் பெரும்பாலும் நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி பல்லைத் தொடவில்லை. 100-க்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

கேபிள் தயார் என்றால் ஒரு சாதாரண ஜிகாபிட் ஸ்விட்ச் போதும், இணையமே வேண்டாம். எல்லோரையும் அதில் மாட்டி ஒரு நிமிடம் விட்டால், முகவரி கொடுக்க யாரும் இல்லாவிட்டாலும் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் முகவரியைப் போட்டுக்கொள்ளும். அதிலேயே கேம் ஓடும். அறைக்குள் சர்வர் இருந்தும் பட்டியலில் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விண்டோஸ் அந்த இணைப்பைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வாலில் தடுத்திருக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள். அல்லது பழைய கேம் கேபிளை விட்டுவிட்டு வைஃபை வழியாகத் தேடிக்கொண்டிருக்கும், வைஃபையை அணையுங்கள்.

சரி, நிறுவனங்களே இலவசமாகச் சர்வர் தரும்போது நமக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது உங்களில் பலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். வருடக்கணக்கில் சேர்த்ததெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருந்தது, அது நம் கைக்கு எட்டாமல் போயிற்று. தடை சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. நம்மிடம் இருந்தது ஒரு வாசல் மட்டும்தான், வீடு வேறு யாருடையதோ. தடையே இல்லாமலும் இது நடக்கிறது. யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமுக்கு 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியது. தனியாக ஓட்டுவதற்குக்கூட அந்த சர்வர் தேவை என்று வடிவமைத்திருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு முன்னால், 2014 மே 31 அன்று கேம்ஸ்பை என்ற சேவை மூடப்பட்டபோது, எதிராளிகளைக் கண்டுபிடிக்க அதை நம்பியிருந்த ஏராளமான கேம்கள் ஒரே நாளில் அநாதையாயின. சிலவற்றுக்கு ரசிகர்களே மாற்று சர்வர் எழுதி உயிர் கொடுத்தார்கள்.

குவேக்கைப் பாருங்கள். சர்வர் நிரலை ஆரம்பத்திலேயே ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்தார்கள், 1999 டிசம்பரில் மூல நிரலையும் வெளியிட்டார்கள். 1996-இல் வந்த கேமை இன்றைக்கும் யாரிடமும் கேட்காமல் ஓட்டலாம். கேம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இதற்கு நாமே சர்வர் போட முடியுமா, லேனில் ஆட முடியுமா? 2010-இல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' லேன் வசதியே இல்லாமல் வந்தது பெரிய இழப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். நீங்களும் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்காத வசதியை எந்த நிறுவனமும் தானாக வைக்காது.

தொடங்குவதற்குக் காசு தேவையில்லை. வியூக ஆட்டம் பிடிக்கும் என்றால் '0 ஏ.டி.' இலவசம், திறந்த மூலம், மௌரியப் படையை வைத்துக்கூட ஆடலாம். சண்டைக்கு 'சோனாட்டிக்', ரயில் ஓட்ட 'ஓபன்டிடிடி', கட்டி விளையாட 'லுவான்டி'. மைன்கிராஃப்ட் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதன் ஜாவா பதிப்புக்கு சர்வர் நிரல் இலவசமாகவே கிடைக்கும். திரை உடைந்த, கீபோர்டு தேய்ந்த லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் ஏற்றி சர்வர் ஆக்குங்கள். பேட்டரி இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தால் மின்வெட்டில் அதுவே யூபிஎஸ். மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு நொடியில் 20 முறை உலகத்தைக் கணக்கிடும், ஒவ்வொரு கணக்குக்கும் 50 மில்லிநொடிதான் அவகாசம். பழைய பிராசசர் அந்த அவகாசத்தைத் தாண்டினால், கேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆட்டம் இழுக்கும். அது நெட்வொர்க் லேக் கிடையாது. பார்வைத் தூரத்தைக் குறைத்தால் சரியாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், நாளைக்கு ஓர் அலுவலகத்தில் "ஆப் ஸ்லோவா இருக்கு" என்று யாராவது சொல்லும்போது எங்கே தொட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விடுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் அழுத்தமான எச்சரிக்கை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரின் லேன் துளையைச் சுவரில் இருக்கும் கல்லூரி இணைப்பில் செருகாதீர்கள். அந்த ரவுட்டருக்குள் முகவரி வழங்கும் டிஎச்சிபி நிரல் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அதுவே முகவரி கொடுக்கத் தொடங்கும், தடுப்பு இல்லாத ஸ்விட்சாக இருந்தால் மாடி முழுக்க நெட் படுத்துவிடும். அடுத்த நாள் அசைன்மென்ட் ஏற்ற வேண்டிய பிள்ளைகள் தவிப்பார்கள். அதே போல் ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் மாட்டினால் எல்லோருக்குமான அறிவிப்புப் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே அடைத்துவிடும். 1993 டிசம்பரில் 'டூம்' வந்தபோது அமெரிக்கக் கல்லூரிகளும் அலுவலகங்களும் அதைத் தடை செய்ததற்கும் இப்படியொரு காரணம் உண்டு. முதல் பதிப்பு ஒவ்வொரு அசைவையும் நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிக்கும் அறிவிப்பாக அனுப்பியது. ஆடாதவர்களின் கணினிகளும் திணறின. பிறகு வந்த திருத்தத்தில் அதை மாற்றினார்கள். நீங்கள் உங்கள் ஸ்விட்சைத் தனித்தீவாக வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தொந்தரவில்லை.

வேறு ஊர் நண்பரைச் சேர்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் சிக்கல். வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிட ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து பார்த்து, திறக்கவே இல்லை என்று பலர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று முதலில் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையிலோ, 10 என்றோ தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே நிறுவனத்தின் இன்னொரு பெரிய ரவுட்டர் இருக்கிறது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே 430 கோடிதான், எல்லோருக்கும் போதவில்லை. அதனால் ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் இந்த சிஜி-நாட் முறைக்காகவே 2012-இல் அந்த 100.64 தொகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் என்ன செய்தாலும் மேலே உள்ளது திறக்காது. கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி கேட்கலாம். இரு பக்கமும் ஐபிவி6 இருந்தால், ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்து நேராகவே பேசலாம். இரண்டும் இல்லையென்றால் ஜீரோடியர், டெயில்ஸ்கேல் மாதிரி நிரல் போட்டு எல்லோரையும் ஒரு கற்பனை லேனுக்குள் கொண்டுவாருங்கள். பழைய கேம் என்றால் ஜீரோடியர் நல்லது. அது ஈதர்நெட் மட்டத்திலேயே வேலை செய்வதால் "சர்வர் யாராவது இருக்கிறீர்களா" என்ற அறிவிப்பும் அதில் போகும். டெயில்ஸ்கேலில் போகாது, அங்கே சர்வரின் முகவரியைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். இப்படி வெளியாட்கள் வரும் சர்வரை அப்டேட் செய்யாமல் விடாதீர்கள். 2021 டிசம்பரில் 'லாக்4ஷெல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது மைன்கிராஃப்ட் அரட்டையில் ஒரே ஒரு வரியைத் தட்டி முழு சர்வரையும் கைப்பற்ற முடிந்தது.

கடைசியாக, சொல்லாமல் விட மனம் வராத ஒன்று. நெட்கட் மாதிரி நிரலை வைத்துப் பக்கத்து அறைக்காரனின் வைஃபையை அறுப்பது விடுதிகளில் நடக்கிறது. அந்த நிரல் செய்வதில் திறமை எதுவும் இல்லை. "ரவுட்டர் நான்தான்" என்று பொய் சொன்னால் ஏஆர்பி என்ற பழைய நெறிமுறை சோதிக்காமல் நம்பிவிடும், அவ்வளவுதான். தோற்றுப்போன கடுப்பில் காசு கொடுத்து எதிரியின் சர்வரை முடக்கச் சொல்வது இன்னும் மோசம். 2016-இல் இணையத்தை உலுக்கிய 'மிராய்' எங்கிருந்து வந்தது தெரியுமா? மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரப் போட்டியிலிருந்து. அமெரிக்க இளைஞர்கள் மூவர், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட சிசிடிவி கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, போட்டி சர்வர்களின் மேல் ஏவினார்கள். பிறகு அந்த நிரலை வெளியிலும் விட்டார்கள். வேறு யாரோ அதை எடுத்து அக்டோபர் 21 அன்று, பல தளங்கள் நம்பியிருந்த 'டின்' என்ற நிறுவனத்தின் மேல் ஏவ, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மூவரும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி இதற்கு 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அவ்வளவு கூர்மையான மூளைகள் அப்படிப் போய் முடிந்ததே என்று எனக்கு வருத்தம். உங்கள் அறையின் கேமரா, ரவுட்டர் கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள்.

சர்வர் ஓடத் தொடங்கியதும் எந்த முகவரி, எந்த போர்ட், எந்தக் கோப்பில் என்ன மாற்றினீர்கள், எந்தக் கோளாறு எப்படித் தீர்ந்தது என்று ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். நான்காம் ஆண்டு முடித்துக் கிளம்பும்போது அந்த நோட்டையும் ஸ்விட்சையும் கிரிம்பிங் டூலையும் ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்களிடம் லேப்டாப் இல்லையென்றால் அதையும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்